தானாக ஆடிய கியர் லீவர்

புதன்கிழமை

அன்புள்ள அண்ணா,

வழக்கமான விசாரிப்புகள் அப்புறம். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். இன்று காலை நம் பழைய கார் சந்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தபோது, ஸ்டீரிங் தண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கியர் லீவர் தானாகத் தலையாட்டியது. யாரும் அதைத் தொடவில்லை. மாமா ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தலை நிமிர்ந்தது, காலை எடுத்தால் குனிந்தது. பெரியவர்கள் பேசும்போது 'சரி, சரி' என்று நான் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பேனே, அதே மாதிரி.

மாமா அதைப் பார்க்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு ஒரு கதை சொல்ல வேண்டுமென்றால் இரண்டு கையும் வேண்டும். அந்த ரொட்டி வேனை முழங்காலால்தான் ஓட்டுகிறாரோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். பேக்கரி முதலாளியின் பல்செட் மாவுக்குள் விழுந்த கதையைக் கைகளால் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார், கால் மட்டும் ஆக்ஸிலேட்டரில். அப்பாவாக இருந்தால் லீவரில் கை வைத்துக்கொண்டுதான் உட்காருவார். நீயும் அப்படித்தான். கை வைத்திருந்தால் அது நம் கை ஆடுகிற மாதிரிதான் தெரியும். பக்கத்து சீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததால் என் கண்ணில் பட்டது.

அப்போதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தைக்கூட மாடிப்படியில் கொஞ்சம், அடுப்படியில் கொஞ்சம் என்று எழுதுகிறேன். அடுப்பில் பால் இருக்கிறது. பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

காரை ஏன் வெளியே எடுத்தோம் என்று கேட்பாய். நீ போனதிலிருந்து அப்பா அதை உறை போட்டு மூடி வைத்திருந்தார். இப்போது தெருமுனைத் தையல்காரரின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அந்த அக்காவுக்கு நம் காரில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டுமாம். சின்ன வயதிலிருந்தே ஆசையாம். தையல்காரர் வந்து கேட்டதும் அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உடனே சரி என்றுவிட்டார். மண்டபம் எங்கே என்று பிறகுதான் கேட்டார்.

மேட்டுத் தெருவின் உச்சியில்.

ஆமாம், அதே மேடுதான். அன்றைக்கு நடந்ததைப் பற்றி நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்? முன்னால் ஒரு லாரி நின்றதால் நீ பாதி மேட்டில் காரை நிறுத்தினாய். ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது என்பதால் அப்பா இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். லாரி போனதும் நீ கிளம்பினாய். சக்கரம் நகர்ந்ததும் கட்டையை எடுக்க அப்பா குனிந்தார். கியர் கழன்றது. உன் கால் பிரேக்குக்குப் போவதற்குள் கார் பின்னால் உருண்டு, பம்பர் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ, "நான் ஃபர்ஸ்ட்லதான் இருந்தேன், அதுவா கழண்டுச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். கட்டிலில் படுத்தபடியே அப்பா, "அப்போ பேய் வந்து கியர கழட்டிச்சாக்கும்? கை கியர்ல இருந்தா போதாதுடா, புத்தியும் இருக்கணும்" என்றார். அப்புறம் நீ பெட்டியை எடுத்துக்கொண்டாய்.

அப்பாவுக்கு இப்போதும் அந்தக் கால் இழுத்து இழுத்துத்தான் வருகிறது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்போவது மாமா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள். கட்டை வைத்து எடுக்கிற வேலை எனக்கு.

கார் இருக்கிற நிலைமையையும் சொல்கிறேன். உறையை எடுத்தபோது லீவர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அடியில் படுத்து, கியர்பாக்ஸுக்குப் போகிற கம்பிகளின் நீளத்தைத் திருகித் திருகிச் சரியாக வைத்தார். ஷெட்டுக்குள் எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தது. சந்துக்குத் தள்ளிக்கொண்டு போய் ஓட்டினால் மக்கர். செகண்ட் விழவே மாட்டேன் என்றது. மறுபடி ஷெட்டுக்குத் தள்ளினோம், மறுபடி வெண்ணெய். மறுபடி சந்து, மறுபடி மக்கர். தள்ளித் தள்ளி எனக்குத் தோள் கழன்றதுதான் மிச்சம். கடைசியில் அப்பா, "அவன் போட்ட போடுல பாக்ஸுக்குள்ள கியர நகர்த்துற ஃபோர்க் வளைஞ்சிருக்கு. கல்யாணம் முடியட்டும், பாக்ஸ இறக்கிடலாம். அதுவரைக்கும் இதுவே ஓடும்" என்று சொல்லிவிட்டார். அவன் என்றால் நீதான். பெயர் சொல்வதில்லை.

லீவர் ஆடியதைச் சொல்லிவிடலாம் என்று அப்பா பக்கத்தில் போய் நின்றேன். "அப்பா" என்று ஆரம்பித்தும்விட்டேன். அடியிலிருந்து கை மட்டும் நீண்டது: "பதினாலு இல்ல பாப்பா, பதிமூணு குடு." பதிமூன்றாம் நம்பர் ஸ்பானரைக் கொடுத்தேன். மாமா சிரித்தார்: "இந்த ஊமைக்கோட்டான் வாயில எந்த கியரும் விழாது மச்சான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ நலமா? அங்கே குளிரா, வெயிலா? அம்மாவுக்கு மட்டும் எழுதுகிறாய், அதிலும் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறாய். ஐயோ, பால்.

உன் தங்கை


வியாழக்கிழமை

அண்ணா,

நேற்றைய கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, "எந்த உலகத்துலடி இருக்க?" என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதையும் சேர்த்தே போடுகிறேன்.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. உனக்குத் தெரியாத ஒன்றையும் நான் எழுதப்போவதில்லை. ஆனால் எழுதினால்தான் எனக்கு வார்த்தை வரும் என்பதால் பொறுத்துக்கொள். லீவருக்கும் எஞ்சினுக்கும் நேராக ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லீவர் ஸ்டீரிங் தண்டில் இருக்கிறது. தண்டு பாடியோடு சேர்ந்தது. நடுவில் இருப்பது அந்தக் கம்பிகள் மட்டும்தான். அவற்றின் ஒரு முனை தண்டின் அடியில், இன்னொரு முனை கியர்பாக்ஸில். கியர்பாக்ஸ் எஞ்சினின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் யாரும் தொடாமல் லீவர் ஆடுகிறது என்றால் கம்பி அதைத் தள்ளுகிறது. கம்பி தள்ளுகிறது என்றால் எஞ்சினே தன் இடத்தில் உட்காராமல் புரளுகிறது. எஞ்சினை உட்கார வைத்திருப்பது இரண்டு பக்கமும் இருக்கிற ரப்பர் மவுண்டிங்.

அப்பாவும் மாமாவும் சாமான் கடைக்குக் கிளம்பியதும் நான் ஜாக்கியை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன். இடது மவுண்டிங்கை டார்ச் அடித்துப் பார்த்தேன். முழுசாக, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மனசு விட்டுப்போயிற்று. இருந்தாலும் எஞ்சினுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்து ஜாக்கியை அடிக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். "உனக்கு எதுக்குடி இந்த வேலை? அப்பா வரட்டும்" என்றாள். "அம்மா, நீ போய் ஸ்டீரிங் முன்னால உக்காரு. எதையும் தொடாத. அந்த லீவர மட்டும் பாரு" என்றேன். அம்மாவிடம் எனக்குப் பேச்சு வரும், அது உனக்குத் தெரியும். அம்மா முனகிக்கொண்டே ஏறி, மடியில் கை வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள்.

நான் ஜாக்கியை அடித்தேன்.

"அடியே, இது மேல வருதுடி!"

இன்னும் அடித்தேன். "இன்னும் வருதுடி! நான் தொடவே இல்ல! நிறுத்துடி, எனக்கு பயமா இருக்கு!"

கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பர் குறுக்காகக் கிழிந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஜாக்கியை இறக்கினேன். எஞ்சின் அதன் மேல் உட்கார்ந்தது, வாய் மூடிக்கொண்டது, ஒரு கோடுகூடத் தெரியவில்லை. எஞ்சின் ஓடாதபோது அது இப்படித்தான் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கிறது. ஓடி இழுக்கும்போது மட்டும் எஞ்சின் இடது பக்கம் எழுந்து, கம்பி நகர்ந்து, லீவர் மேலே போகிறது. செகண்ட் மேலே இருக்கிறது; லீவர் ஏற்கெனவே மேலே போய்விட்டால் அதில் விழ இடம் இல்லை. ஃபர்ஸ்ட் கீழே இருக்கிறது. அதில் இருக்கும்போது லீவரை மேலே தள்ளினால் என்ன ஆகும்?

அதுவாகக் கழலும்.

நம் ஷெட்டில்தான் இது இத்தனை நாள் தெரியாமல் போயிருக்க முடியும். வேறு எந்த ஒர்க்‌ஷாப்பாக இருந்தாலும் பானட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு உறுமவிட்டுப் பார்த்திருப்பார்கள். இங்கே உள்ளே ஸ்டார்ட் பண்ணவே கூடாது. அம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்ததிலிருந்து அப்பா வைத்த சட்டம். ஷெட்டுக்கு மேலேயே வீடு என்பதால் புகை பலகைத் தளத்தின் இடுக்கு வழியாக நேராக மாடிக்குத்தான் போகும். எந்த வண்டியானாலும் உள்ளே இருக்கும்வரை எஞ்சின் தூங்க வேண்டும். தள்ளி வெளியே கொண்டுபோனால் ஓட்டுவதுதான், பானட்டைத் திறந்து பார்க்கிறவர் யாரும் இல்லை. நீ காரை எடுத்துப்போவதற்கு முன்னாலும் அப்பா அப்படித்தான் பார்த்துக் கொடுத்திருப்பார்.

நான் சொல்லாமலே அம்மாவுக்கு இது புரிந்துவிட்டது. படியில் போய் உட்கார்ந்தாள். "அப்போ அவன் பொய் சொல்லல" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. அப்புறம், "எல்லாம் என் மூச்சுக்காகவா" என்றாள். எழுந்து வந்து முந்தானையால் கார் கதவைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அங்கே அழுக்கே இல்லை.

நீ சொல்லு அம்மா என்று கெஞ்சினேன். "நான் சொன்னா, புள்ளைக்காகப் பேச வந்துட்டியான்னு கேப்பாரு. இவ்ளோ நாளும் அதான கேக்குறாரு. பாத்தது நீ. நீயே சொல்லு" என்றுவிட்டாள்.

அப்பா திரும்பி வந்தார். சாப்பிட்டார். நான் கதவருகே நின்றேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். காருக்கு என்ன நிறத்தில் ரிப்பன் கட்டுவது என்று மாமாவோடு ஒரே வாக்குவாதம். நான் வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆகுமே, அப்படி ஆயிற்று. டீச்சர் எழுந்து வாசி என்பார், எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உதடு மட்டும் அசையாது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போன கடைசி நாளில் நீ வந்து ஒன்றும் கேட்காமல் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். இன்றைக்கு வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.

கூச்சம் மட்டும் காரணம் இல்லை, அண்ணா. நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். 'அப்பா, உங்கள் காலை உடைத்தது அண்ணன் இல்லை. நீங்களே சரிபார்த்துக் கொடுத்த கார்தான்.' இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால் நாளைக்கு மேட்டுக்குப் போகிறோம்.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் ஷெட்டுக்குப் போகத் தோன்றுகிறது. போய் அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

தங்கை


சனிக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று சாயங்காலம் மேட்டுக்குப் போனோம். மாமா ஓட்டினார், அப்பா பக்கத்தில், நான் பின்னால், காலடியில் கட்டை. பாதி மேட்டில் அப்பா, "இங்க நிறுத்து. நின்னு கிளம்புதான்னு பாக்கணும்" என்றார். நான் இறங்கி, கட்டையை வைத்துவிட்டு, பின்னால் நின்றேன். பம்பர் என் முழங்கால் உயரத்தில் இருந்தது.

மாமா தலையை வெளியே நீட்டி, "ஏ ஊமைக்கோட்டான், வண்டி நகர்ந்ததும் டக்குனு எடுத்துடு!" என்று கத்தினார். கார் உறுமியது.

நான் கட்டையை அப்படியே விட்டுவிட்டு அப்பாவின் ஜன்னலுக்கு நடந்து போனேன். இந்தத் தடவை குரல் வந்தது, அதுவும் கத்தலாக வந்தது. "மாமா, கிளம்பாதீங்க. கைய எடுங்க!"

மாமா, "யாருடா அது பேசுனது?" என்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"அப்பா, நீங்க லீவர மட்டும் பாருங்க. மாமா, ஃபர்ஸ்ட் போடுங்க. பிரேக்க நல்லா மிதிச்சுக்குங்க. ரெண்டு கையும் மடியில. இப்போ கிளட்ச லேசா விடுங்க" என்றேன். மாமா என்ன நினைத்தாரோ, அப்படியே செய்தார். எஞ்சின் இழுத்தது. கார் ஒரு குலுக்கல் குலுங்கியது. லீவர் மெதுவாக மேலே எழுந்தது, ஒரு கணம் நின்றது, டக்கென்று நடுவுக்கு வந்துவிட்டது. எஞ்சின் சும்மா அலறியது. ஃபர்ஸ்ட் கழன்றுவிட்டது.

மாமா, "மச்சான், நான் தொடல. சத்தியமா தொடல" என்றார்.

எஞ்சினை அணைக்கச் சொல்லி அப்பா கை காட்டினார். பின் கண்ணாடி வழியாக, நான் நின்றிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். "கட்டை எங்க?" என்றார். சக்கரத்திலேயே இருக்கிறது என்றேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிற மாதிரி பிடித்தார். ரொம்ப நேரம் விடவில்லை.

காரைப் பின்னாலேயே கீழே இறக்கும்போது என்னைப் பின்பக்கம் வரவே விடவில்லை. சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டு, தானே பக்கவாட்டில் நின்று கைத்தடியால் கட்டையைத் தட்டி எடுத்தார்.

ஷெட்டுக்கு வந்ததும் ஜாக்கியைப் போட்டுக் காட்டினேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். ரப்பர் வாய் திறந்தது. வெளிச்சம் அதிலேயே நின்றது. மாமா வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நின்றார். அம்மா படியில் நின்றாள்.

"அவன் அன்னைக்கு என்ன சொன்னான்?" என்று அப்பா கேட்டார், யாரையும் பார்க்காமல்.

'நான் ஃபர்ஸ்ட்லதான் இருந்தேன், அதுவா கழண்டுச்சு' என்று, நீ சொன்னபடியே சொன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். டார்ச்சை அணைத்துவிட்டார்.

இன்று காலை அப்பா தானே நடந்துபோய்த் தையல்காரரிடம் கார் வராது என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த அக்கா அழுதுவிட்டதாம். மாமா தன் வேனைக் கழுவி ரிப்பன் கட்டித் தருகிறேன் என்றாராம். "ரொட்டி வாசனையோட போய் இறங்குனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே ஓடி வந்து கதவத் திறப்பாங்க" என்றதும் அழுகை நின்று சிரித்துவிட்டதாம். நாளைக்கு வேன்தான் போகிறது.

அப்பா காபி குடித்துக்கொண்டே என்னிடம், "அவனுக்கு எழுதுறியாமே" என்றார். அம்மா சொல்லியிருக்கிறாள். ஆமாம் என்றேன். "மவுண்டிங் போயிருந்துச்சுன்னு எழுது" என்றார். வேறு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "அது போதும். அவனுக்குப் புரியும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "கியர் அதுவாத்தான் கழண்டுச்சு, அப்பாவே கண்ணால பாத்துட்டாருன்னு எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதிவிட்டேன்.

புது மவுண்டிங் வந்து சேர நாளாகுமாம். அதை மாட்டும்போது எஞ்சினை ஒருவர் தாங்க வேண்டும், ஒருவர் அடியில் இருக்க வேண்டும். அப்பா அடியில் இருந்தால் எஞ்சினைத் தாங்க எனக்குப் பலம் போதாது. மாமாவை நம்பி எஞ்சினைக் கொடுத்தால் கதை ஆரம்பித்துவிடுவார். என்ன செய்வதென்று இங்கே யாரும் பேசவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். குளிராக இருந்தால் தலைக்கு ஏதாவது போட்டுக்கொண்டு வெளியே போ. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

உன் அறையைப் பற்றி அம்மா எழுதியிருக்க மாட்டாள். நீ போன பிறகு அதில் பழைய டயர்களை அடுக்கிவிட்டோம். இன்று அப்பா கடைக்குப் போனதும் அவற்றை ஒவ்வொன்றாக வெளியே உருட்டிவிட்டுத் தரையைக் கழுவி, ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

அன்புடன்,
உன் தங்கை